அடியில் இருந்த இஸ்பேட் ராஜா

ஐப்பசி 14, வியாழன் ராத்திரி

பேத்தி செல்வியைப் பெண் பார்க்க எரியோட்டிலிருந்து வந்த பையன், மழை பிடித்துக்கொண்டதால் என் மகனோடு சீட்டாட உட்கார்ந்தான். பந்தயம் வெறும் புளியங்கொட்டைதான். முதலில் ரம்மி. எந்தச் சீட்டு இறங்கியது, அதை யார் எடுத்தது என்று ஞாபகம் வைத்து ஜெயித்தான். மூளைக்காரன் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் மங்காத்தா. சொன்ன சீட்டு உள்ளே விழுமா வெளியே விழுமா என்று காத்திருப்பதுதான் அந்த ஆட்டம். மூளைக்கு அதில் வேலையே இல்லை. அதிலும் அவன் சீட்டுப் போட்டபோதெல்லாம் அவனே ஜெயித்தான்.

“ராசியான கை, ஆத்தா” என்றான் மகன், பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு.

“ஏலே, ராசின்னா ஒரு ஆட்டமாவது தோக்க வேணாமா?”

“அப்பத்தாவுக்கு யாரு ஜெயிச்சாலும் பொறுக்காது” என்று செல்வி சிரித்தாள். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

எனக்குத்தான் படுக்கை கொள்ளவில்லை. அவன் கலைப்பதற்கு முன் கட்டின் அடியில் இருந்த இஸ்பேட் ராஜா, கலைத்த பிறகும் அடியிலேயே இருந்தான். இப்படி ஒரு ராசிக்காரனிடம்தான் என் கொழுந்தன் அகரம் தோட்டத்தைத் தோற்றான். அன்றும் என் பேச்சை யாரும் கேட்கவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை. புளியங்கொட்டைக்கே இப்படி என்றால் செல்வியிடம் எப்படி நடப்பான்? என் கண்தான் பிசகியதோ என்றும் இருக்கிறது.

நாளை வெற்றிலை மாற்ற வருகிறார்கள். தட்டை எடுக்கும் முன் ஓர் ஆட்டம் கேட்கப்போகிறேன். சீட்டை நான் கலைப்பேன்.