சிரமம் என்றால் பரவாயில்லை

3 நவம்பர்

கல்லூரியில் இந்தி இலக்கியம் நடத்துகிறவன், இன்று மாலை ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ந்தேன். காரணம் சம்பந்தி வீட்டார். என் மகள் பூர்வாவுக்கு மாமனார் மாமியாராக வரப்போகிறவர்கள் பாதி ஆயுளை இங்கிலாந்தில், லீட்ஸில் கழித்தவர்கள்.

“அவங்ககிட்ட உங்க மேடை இந்தியில ஆரம்பிச்சீங்கன்னா, மாலையைக் கழட்டி வச்சிட்டுப் போயிருவாங்க” என்றாள் என் மனைவி சந்திரகலா.

கல்யாணம் அடுத்த மாதம். ஆசிரியை நிகத், என் மகள் வயதுக்காரி. பலகையில் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட் என்று எழுதினாள். “மாஸ்டர்ஜி, மத்ததை எல்லாம் தப்பாப் பேசுங்க, மன்னிச்சிருவாங்க. இதுல தப்புப் பண்ணினா உங்களை முரடன்னு நினைப்பாங்க.”

5 நவம்பர்

இந்தியில் ‘சக்னா’ என்று ஒரே சொல். நீந்த முடியும் என்பதற்கும், உள்ளே வரலாம் என்பதற்கும், மழை வரக்கூடும் என்பதற்கும் அந்த ஒரே குமாஸ்தா. ஆங்கிலேயர்கள் இதே வேலைக்குத் தனித்தனி ஆள் வைத்திருக்கிறார்கள். ஒரு சாம்ராஜ்யத்தை நடத்தியவர்கள், ஆள்பலம் இருந்திருக்கும்.

மிட்டாய்க்கடை லல்லன் என் பக்கத்து இருக்கை. விருந்தாளியை உபசரிக்கச் சொன்னதும் எழுந்து நின்று, “யூ மஸ்ட் டு ஈட்!” என்றான்.

“மஸ்டுக்குப் பின்னாடி ‘டு’ வராது” என்றாள் நிகத். “அதுவும் போகட்டும். லல்லன் பாய், அவர் விருந்தாளியா, கைதியா?”

“மேடம், எங்க வீட்ல ரெண்டும் ஒண்ணுதான்.”

8 நவம்பர்

நிகத் இன்று சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒருவரை மரியாதையாகக் கேட்பது என்றால், அவர் மறுப்பதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்பதாம். கதவு எவ்வளவு அகலமோ அவ்வளவு மரியாதை. ‘கேன்’ என்றால் ஒருக்களித்த கதவு, ‘குட்’ என்றால் பாதி. ‘உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்’ என்று முன்னால் சேர்த்தால் கதவைக் கழற்றியே வைத்த மாதிரி.

நாம் என்ன செய்கிறோம்? வந்தவரை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போடுகிறோம். ‘சாப்பிட்டுத்தான் போகணும்.’ இவ்வளவு காலம் நான் அழைத்தவர்கள் எல்லாரும் விரும்பித்தான் வந்தார்களா?

இதை இந்தியிலேயே செய்துபார்த்தால் என்ன?

9 நவம்பர்

செய்துபார்த்தேன். “சந்திரகலா, உனக்குச் சிரமம் இல்லையென்றால், ஒரு டீ கிடைக்கக்கூடுமா?”

நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும், “சிரமம் இருந்தா?” என்றாள்.

“பரவாயில்லை.”

“இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்க உட்கார்ந்தாள். கோட்பாடு சரியாகவே வேலை செய்கிறது.

13 நவம்பர்

கல்யாணப் பத்திரிகையோடும் லட்டுப் பெட்டியோடும் சீதாப்பூர் போனேன், சரோஜ் அக்கா வீட்டுக்கு. அக்கா கணவர் ராம்சுமேர் பாண்டே பூர்வாவுக்கு ஃபூஃபாஜி. எங்கள் பக்கத்தில் ஃபூஃபாஜி என்பது உறவு அல்ல, பதவி. கோபித்துக்கொள்வது அதன் பணி.

வழக்கமாக இது ஒரு மல்யுத்தம். அவர் ‘உடம்பு சரியில்லை’ என்பார், நாம் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். இந்தத் தடவை அவருடைய முதுமைக்கு மதிப்புக் கொடுத்தேன். “அத்தான், உங்களுக்கு வசதிப்பட்டு வர முடிஞ்சா எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். சிரமம்னா பரவாயில்ல.”

“பார்க்கலாம்” என்றார். லட்டைத் தொடவில்லை. அக்கா வாசல்வரை வந்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டாள்.

நாகரிகமாக நடந்துகொண்ட திருப்தியோடு பஸ் ஏறினேன்.

14 நவம்பர்

அக்கா போன். “ஏன்டா, அவர்கிட்டப் ‘பரவாயில்ல’ன்னு சொன்னியா? வராட்டியும் பரவாயில்லைன்னா சொன்ன?”

15 நவம்பர்

மறுபடியும் அக்கா. அழுகிறாள். “அவர் வரலைன்னா நான் எந்த முகத்தோட வர்றது? நீங்களே நடத்திக்கோங்க.”

மஞ்சள் சடங்கில் முதல் கை அத்தையுடையது. பூர்வா பிறந்த அன்று அவளை முதலில் தூக்கியதும் அந்தக் கைதான். அக்கா இல்லாமல் யார் பூசுவது? நானா? சே — என்ன செஞ்சு வச்சிருக்கேன்.

சந்திரகலா திட்டவில்லை. “டீ போடட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். அது திட்டைவிட மோசம்.

17 நவம்பர்

நிகத்திடம் சொன்னேன். சிரித்து முடிக்க நேரம் ஆயிற்று.

“மாஸ்டர்ஜி, நான் நடத்தினது இங்கிலீஷ்காரங்ககிட்டப் பேசறதுக்கு. ஃபூஃபாகிட்டயா போய்ப் பிரயோகம் பண்ணுவாங்க? எங்க அண்ணன் நிக்காஹ்ல எங்க ஃபூஃபா மண்டப வாசல் வரைக்கும் வந்துட்டு காரை விட்டு எறங்கவே இல்ல. கையப் பிடிச்சு இழுக்குற வரைக்கும் கண்ணாடியைக்கூட எறக்கல.”

லல்லன் குறுக்கிட்டான். “நான் அன்னிக்கே சொன்னேன்ல? விருந்தாளின்னா கைதி!”

திறந்த கதவைப் பார்த்ததும், ‘போய்விடு’ என்று அத்தான் படித்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. திறந்து வைத்தவன் நான்.

18 நவம்பர்

மறுபடி சீதாப்பூர், புது லட்டுப் பெட்டியோடு. அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

“அத்தான், நீங்க வந்தே ஆகணும்.”

“உடம்பு முடியல.”

“தூக்கிட்டுப் போவேன்.”

“எனக்கு வேலை இருக்கு மச்சான்.”

“நீங்க வராம பந்தக்கால் நட விடமாட்டேன். கல்யாணமே வேண்டாம். பொண்ணு வீட்லயே இருக்கட்டும்!” குரல் உடைந்துவிட்டது. நடிப்பு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

செய்தித்தாள் இறங்கியது. “எதுக்குக் கத்துற? ஊர் கேக்கும்” என்றார், ஊர் கேட்க வேண்டும் என்ற குரலில். லட்டை எடுத்தார்.

முற்றத்துக் கொடியில் அவருடைய கல்யாணக் கோட்டு வெயிலில் தொங்கியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“பூச்சி அரிக்கும்னு போட்டிருக்கு” என்றார்.

7 டிசம்பர்

கல்யாணம் முடிந்தது. அக்கா முதல் மஞ்சள் பூசினாள். அத்தான் வந்தார். சாப்பாட்டுப் பந்தலில் ஒருமுறையும், மாலை விஷயத்தில் ஒருமுறையும் கோபித்துக்கொண்டார். எல்லாம் முறைப்படி.

லீட்ஸ் சம்பந்தி கடைசிவரை என்னோடு எங்கள் அவத் பக்கத்துக் கிராமத்து இந்தியே பேசினார். வாடகை ஆங்கிலம் செலவாகாமல் கிடக்கிறது.

10 டிசம்பர்

வீடு காலி.

19 டிசம்பர்

பூர்வா லக்னோவிலிருந்து பேசினாள். மாமனார் மாமியார் மாதக் கடைசிவரை அங்கேதான் இருக்கிறார்களாம். குரலில் ஏதோ புதிதாக ஒரு மென்மை. “அப்பா, உங்களுக்கு முடிஞ்சா ஒரு நாள் வாங்க. சிரமம்னா பரவாயில்ல.”

பரவாயில்லையாமே.

“பார்க்கலாம்” என்றேன்.

“என்ன சொன்னா?” என்று சந்திரகலா கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

20 டிசம்பர்

பனி விலகி நல்ல வெயில். என் கல்யாணக் கோட்டை எடுத்து மாடிக் கொடியில் போட்டிருக்கிறேன். யாரும் கூப்பிடுவார்கள் என்று அல்ல. பூச்சி அரிக்கும்.