வெந்தமூஞ்சித் தாத்தா

பாசமுள்ள அக்கா மகளுக்கு,

மில்லில் பாய்லர் வெடித்தபோது தீயோடு ஒண்டிக்கு ஒண்டி நின்றவன் நான். முதலாளியே மிரண்டுபோனார். முகத்தில் பாதிதான் போச்சு. மீதியே பத்து ஆம்பளைக்குச் சமம்!

உன் மகள் சாப்பிட அடம்பிடித்தால், "வாயைத் திற, இல்லேன்னா வெந்தமூஞ்சித் தாத்தா வந்துடுவார்" என்கிறாயாமே. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். போகட்டும், என் பேரைச் சொல்லி ஒரு வயிறு நிறையுதே!

பயத்தைப் பற்றி நான் பெரிய ஆராய்ச்சியே செய்திருக்கிறேன். காணாத வரைக்கும்தான் பூச்சாண்டி. பிள்ளையை ஒருமுறை கூட்டிவா. என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால், வெறும் தாத்தாதான் என்று தெரிந்துவிடும்.

நீதான் என் ஆராய்ச்சியைக் கெடுக்கிறாய். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோது கிட்ட நின்று பார்த்தவள் நீ. அதற்கப்புறம்தான் நீ வரவேயில்லை.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் சுமந்த தாய்மாமன்