ஸ்டார் பெட்டிக்குள் இருக்கும் நோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

முதியோர் எழுத்தறிவு வகுப்பை விட்டுவிட்டதாக நீ போனில் சொன்னதிலிருந்து ஹாஸ்டல் சோறு இறங்கவில்லை. சமையல்கார அக்கா மேல் பழி போடவும் முடியாது.

நீ நினைக்கிற மாதிரி உன் வகுப்பு நோட்டை அப்பா எரிக்கவில்லை. "படிச்சுக் கலெக்டராவப் போறியாட்டி?" என்று கேலி செய்ததோடு சரி. விளையாட்டுக்கு ஒளித்துவைத்தது நான்தான். பரண்மேல் கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டிக்குள் இருக்கிறது. வேண்டுமானால் கைநாட்டே வைத்துத் தருகிறேன். போனில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பரீட்சை. போயிரும்மா.

இதைப் பக்கத்து வீட்டு ரெனிட்டா அக்காவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன், மெதுவாகக் கூட்டிப் படி.

சனிக்கிழமை நீ என்னைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போது ஹாஸ்டல் கேட்டருகிலேயே நிற்பேன். என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றினால், முழுதும் படித்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன்.

முதுகைத் தயாராக வைத்திருக்கும்,
உன் மகள்