முழங்கால் சாட்சி

தாம்பரம் சானடோரியம்
ஜூலை 8, செவ்வாய் இரவு

அன்புள்ள ஷாயிஸ்தா அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். கொண்டுவந்து தரும் உங்கள் தங்கை நிகத்துக்குக்கூட வேண்டாம். என் போனை அப்பா பார்ப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் சொல்லிக்கொடுத்த பயிற்சியை இரண்டு மாதம் செய்து, அம்மாவுக்கு முழங்கால் வலி நன்றாகக் குறைந்திருந்தது. போன மாதம் சபையில் அப்பா மைக்கை நீட்டியதும் அம்மா, "ஜெபத்தால சுகமாயிட்டேன்" என்று சாட்சி சொல்லிவிட்டார். பயிற்சியைப் பற்றிப் பேசவில்லை. அப்பா சபை மூப்பர். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "சுகம் கெடச்சப்புறம் என்ன எக்சர்சைஸ், தபீ? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றார். அதோடு பயிற்சி நின்றது. வலி திரும்பிவிட்டது. இப்போது மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறார்.

வரும் ஞாயிறன்று கூடுவாஞ்சேரி ஜெபக் கூட்டத்தில், சுகமானதற்குச் சாட்சியாக அம்மா மேடையில் முழங்கால் போட்டுக் காட்ட வேண்டுமாம். அம்மா இரவில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு காலை நீட்டி மடக்குகிறார். நான் வெளியே காவல். வலியோடு செய்தால் மூட்டு இன்னும் தேயுமா?

ஜெரூஷா

சேலையூர்
ஜூலை 10

அன்பு ஜெரூஷா,

ஈரத் தரையில் வேண்டவே வேண்டாம், வழுக்கும். பயிற்சியால் மூட்டு தேயாது. லேசான வலி மறுநாளுக்குள் அடங்கினால் பயமில்லை. நிறுத்தியதால்தான் தொடைத் தசை தளர்ந்திருக்கிறது. ஐந்து ஐந்து தடவையாக மறுபடி ஆரம்பிக்கட்டும். மேடையில் முழங்கால் போட வேண்டாம்.

ஜெபத்தை விடச் சொல்லி நான் சொன்னதே இல்லை. நானும் தொழுகிறவள்தான். ஆனால் ஒளிந்து எத்தனை நாள் செய்வார்? அப்பாவிடம் நீ சொல்லாதே. அம்மாதான் சொல்ல வேண்டும்.

ஷாயிஸ்தா

ஜூலை 13, ஞாயிறு இரவு

அக்கா,

அம்மா முழங்கால் போடவில்லை. மைக்கை வாங்கி, "போன தடவ பாதிதான் சொன்னேன். ஜெபமும் பண்ணேன், எக்சர்சைஸும் பண்ணேன். அத விட்டேன், வலி வந்துருச்சு" என்றார். பின்வரிசையில் ஒருவர், "எந்த கிளினிக், சிஸ்டர்?" என்று கேட்டார்.

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், "எம்மானத்த வாங்கிட்ட" என்றார். அம்மா ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நான்தான் உங்களுக்கு எழுதினேன் என்று அப்பாவுக்குத் தெரிந்தால்...

கதவைத் தட்டுகிறார். அப்பாதான்.

"ஜெரூ, நீ முழிச்சிருக்கேன்னு தெரியும். வெளிய வா. உங்கம்மா கால நீட்டிட்டு உக்காந்திருக்கா. ஒண்ணு, ரெண்டுன்னு நான் வேகமா எண்ணுறேனாம், நீ வந்து எண்ணணுமாம்."

அக்கா, நான் போய் எண்ணிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.