வில்லின் சத்தத்தைக் குறைத்த ஒக்டோபர்

ஒக்டோபர் 4, சனி

மழை. குளிர் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நந்தன் அண்ணை தங்கச்சி வீட்டு இடியப்பத்துக்காகவே வேளைக்கு வந்துவிட்டார். சுபா தமையனுக்கு இரண்டு தரம் சம்பல் போட்டாள். கட்டிய மனுசனுக்கு ஒரு தரம். பிறகு நாங்கள் இருவரும் வில் பயிற்சிக்கூடத்துக்கு.

அங்கே லூக். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்பவன். போன வருடம் அவன் காணியில்தான் எனக்கு அந்த மான் தவறியது. இன்று நான் மூன்று அம்பு விட்டதும் காதைப் பொத்திக் காட்டினான். வில்லா, தகரக் கதவா என்று கேட்டான். அவன் சொன்னது: அம்பைவிடச் சத்தம் முந்திப் போகும். சத்தம் கேட்ட மான் பாய்வதற்காக முதலில் பதுங்கும். அந்தப் பதுங்கலில் அம்பு முதுகுக்கு மேலால் போய்விடும். எனக்கு நடந்தது சரியாக அதுதான். இவ்வளவு நாளும் என் குறி பிழை என்று நினைத்திருந்தேன்.

நந்தன் அண்ணையிடம் கேட்டேன்.

"எனக்கு எல்லா வில்லும் ஒண்டுதான், மச்சான். வலப்பக்கம் நிண்டு கேளும்."

அவருக்கு இரும்புப் பட்டறை வேலை. இடது காது மந்தம்.

செய்ய வேண்டியவை:
– நாணில் ரப்பர்க் குஞ்சம், மேலே ஒன்று கீழே ஒன்று
– அம்பு உரசும் இடங்களில் தடித்த துணி ஒட்ட
– திருகாணிகள் எல்லாம் இறுக்க
– பாரமான அம்பு
– நாணுக்கு மெழுகு
– குளிர்கால டயர், கராஜுக்கு போன்
– பால்

ஒக்டோபர் 7, செவ்வாய்

வேலையால் வரும்போது மெட்ரோ நின்றுவிட்டது. வழமைபோல் காரணம் விளங்காத அறிவிப்பு. வீடு வர இருட்டி விட்டது.

சாப்பிட்டு முடிய வில்லை மேசையில் வைத்தேன். குஞ்சம் கட்டியாயிற்று. துணி ஒட்டியாயிற்று. மெழுகு பூசி விரலால் தேய்க்க நாண் சூடாகிறது. ஆனாலும் எங்கோ ஒரு 'ஙீ...'

லூக் சொல்லித் தந்த முறை: நாணை மெல்லச் சுண்டிவிட்டு ஒவ்வொரு பாகமாக விரலால் பிடிக்க வேண்டும். எதைப் பிடித்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் கள்ளன். சுண்டுவது மட்டும். முழுதாக இழுத்து, அம்பில்லாமல் விட்டால் வில்லே சிதறிவிடுமாம்.

சுண்டினேன், பிடித்தேன், சுண்டினேன். பிடிபடவில்லை. சுபா கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே:

"இஞ்சருங்கோ, உது வில்லிலை இல்லை. அம்புக்கூடு."

வில்லோடு பூட்டியிருந்த அம்புக்கூட்டைக் கழற்றினேன். சத்தம் பாதி போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து காதை வைத்தாள். "இன்னும் ஒண்டு இருக்கு. நாண் ஓடுற கீழ்க் கப்பிக்குப் பக்கத்திலை. ஆணி ஒண்டு ஆடுது." ஆடியது. இறுக்கினேன். நின்றது.

இவளுக்கு என்ன காது!

"உங்களுக்கு மான் அடிச்சுத்தர நான் வேலை செய்யிறன். நல்லாயிருக்கு," என்றாள். முகத்தில் பெருமை.

ஒக்டோபர் 11, சனி

வெயில். புரட்டாதிச் சனி, மரக்கறி. கத்தரிக்காய்க் குழம்பு.

பாரமான அம்பு மெதுவாகப் போகிறது, கொஞ்சம் கீழே இறங்குகிறது. குறி பார்க்கும் கம்பியை இரண்டு தரம் மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் சத்தம்! யாரோ ஒரு புத்தகத்தை மூடியதுபோல். அவ்வளவுதான். லூக் தன் வில்லையும் பார்த்து என் வில்லையும் பார்த்தான். நாளைக்கு என் வீட்டிலேயே தங்குங்கள், திங்கள் விடுமுறை, காலையில் மானுக்கு ஒளிந்திருக்கும் கூடாரத்தில் இருக்கலாம் என்றான்.

நந்தன் அண்ணைக்குக் தலைகால் புரியாத சந்தோஷம். புதுத் தடித்த காலுறை வாங்கிவிட்டார்.

ஒக்டோபர் 13, திங்கள்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

காற்றில்லாத காலை. புல்லில் உறைபனி. லூக்கின் பழைய அப்பிள் மரங்களுக்கு எதிரே கூடாரம், உள்ளே நானும் நந்தன் அண்ணையும். நன்றாக விடிந்த பிறகு ஒரு பெண்மான் வந்தது. தனியே. விழுந்து கிடந்த அப்பிளைக் கடித்தது.

இழுத்தேன். விட்டேன்.

எனக்கே சத்தம் கேட்கவில்லை.

அம்பு மறுபக்கத்து மண்ணில் குத்தி நின்றது. தவறிவிட்டது என்று நினைத்தேன். ஏனென்றால் மான் ஓடவில்லை. ஈ உட்கார்ந்தால் தோல் சிலிர்க்குமே, அந்தளவுதான். தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தது. திரும்பக் குனிந்து தின்றது. தாடை அசைந்தது. வாயோரம் சாறு. அப்போதுதான் விலாவில் சிவப்பைக் கண்டேன். மானுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது மென்றுகொண்டிருந்தது. பின்கால் ஒன்று மடிந்தது. ஏன் மடிந்தது என்று பார்ப்பதுபோலத் திரும்பித் தன் காலையே பார்த்தது. படுத்தது. முடிந்தது.

இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. பதறி ஓடும், துடிக்கும் என்று மனதைத் தயார் பண்ணியிருந்தேன். இதற்கல்ல.

நந்தன் அண்ணையைப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண் வெளியே மானில்.

"அம்மாவும் இப்பிடித்தான், மச்சான்."

விளங்கவில்லை. "என்ன, அண்ணை?"

"சண்டை நேரம். செல் ஒண்டு வந்து விழுந்து வெடிச்சது. ஒழுங்கை முடக்குக்கு அங்காலை. அம்மா குசினி வாசல்லை இருந்து வெங்காயம் அரிஞ்சவ. 'தூரத்திலைதான்' எண்டவ. சொல்லிப்போட்டுப் பேந்தும் அரிஞ்சவ. முதுகுப் பக்கம் சட்டை நனைஞ்சிருந்தது. வேர்வை எண்டு நினைச்சன். எங்கை விழுந்தது எண்டு பாக்க ரோட்டுக்கு ஓடிட்டன். திரும்பி வரேக்கை சுவரிலை சாய்ஞ்சிருந்தவ. கத்தி கையிலை."

என் மாமியாரைப் பற்றி இந்த வீட்டில் ஒரே கதைதான்: செல்லில் காயப்பட்டு, ஆஸ்பத்திரியில் நித்திரையிலேயே போனா. சுபா எப்போதும் அதே சொற்களில்தான் சொல்வாள்.

"அப்ப ஆஸ்பத்திரி..."

"அது எங்களோடை இருந்த மாமியும் நானும் கட்டின கதை. சுபா பங்கர்க் குழிக்குள்ளை இருந்தவள், சின்னப்பிள்ளை. அவளுக்கு அப்பிடிச் சொல்லித்தான் வளத்தம். நீர் சொல்லிப்போடாதையும்."

"சொல்லமாட்டன்."

லூக் வீட்டிலிருந்து ஓடி வந்தான். கைகொடுத்தான், முதுகில் தட்டினான். எதுவும் தெரியாமல் போவது, அதைவிட நல்ல சாவு இல்லை என்றான். நந்தன் அண்ணை "மெர்சி" என்றார். ஏன் நன்றி? வாயில் வந்தது அதுதான் போலும்.



ஒக்டோபர் 15, புதன்

மூடுபனி. வேலை. படுக்கை விரிப்புகள், மலைமலையாக. சிவப்புக் கறையுள்ளதைத் தனியே போடும் கூடையைப் பார்க்காமலே போட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். சுபா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு மூலையிலுள்ள டெபனோர்க் கடைக்குப் போய்த் தேவையில்லாத பால் வாங்கி வந்தேன். இப்போது வீட்டில் மூன்று பால்.

"மான் அடிச்ச மனுசன் மாதிரியோ இருக்கிறியள்? அண்ணாவும் போன் எடுக்கிறாரில்லை. ரெண்டு பேரும் சண்டையோ?"

"இல்லை. களைப்பு."

"பொய்."

மேலே கேட்கவில்லை. இவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. மறைக்க எதுவும் இருந்ததுமில்லை. இது என்னுடைய கதைகூட இல்லை. தமையன் தன் தங்கச்சிக்காக இத்தனை வருடம் காத்தது. ஆனால் அவளுக்குச் சொந்தமான ஒன்றை நான் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோல்.

வில் அலுமாரிக்கு மேலே. இறக்கித் துடைக்கவுமில்லை.

ஒக்டோபர் 19, ஞாயிறு

காற்று. பின் ஒழுங்கையில் மேப்பிள் இலை முழங்காலளவு.

நந்தன் அண்ணை இறைச்சியோடு வந்தார். லூக் வெட்டிப் பொதி பண்ணிக் கொடுத்தது. கந்தசட்டி விரதம் தொடங்க முதல் சமைத்துவிட வேண்டும் என்று சுபா நிற்கிறாள். மிளகு கூடப் போட்டுப் பிரட்டல். புட்டு. வீடெல்லாம் வாசனை. நான் இறைச்சியைப் புட்டுக்குக் கீழே ஒதுக்கினேன். நந்தன் அண்ணையும் புட்டை அளைந்துகொண்டிருந்தார்.

சுபா உட்கார்ந்தாள். ஒரு துண்டு எடுத்தாள். வாயில் வைக்கவில்லை.

"அண்ணா, அதுக்கு நொந்திருக்குமோ?"

"இல்லை. அதுக்குத் தெரியவே தெரியாது. தின்னேக்கையே போயிட்டுது."

"ஓம்," என்றாள். "அம்மாவுக்கும் தெரியேல்லை."

நந்தன் அண்ணை என்னைத்தான் முதலில் பார்த்தார். அந்தப் பார்வை! "நீரோ சொன்னது?"

"சத்தியமா இல்லை, அண்ணை."

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. நாலு நாளா வெங்காயத்தைக் கண்டால் ஓடுறார். நீங்கள் போன் எடுக்கிறியளில்லை. பேந்தென்ன, எனக்கு விளங்காதோ?" துண்டைத் திரும்பச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். குரல் நடுங்கவில்லை. "நான் பங்கருக்குள்ளை இருந்தன் எண்டு நீங்கள்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறியள், அண்ணா. நான் மாமிக்குத் தெரியாமல் வெளியாலை வந்தனான். நீங்கள் ரோட்டுக்கு ஓடினதைக் கண்டனான். அம்மா சாய்ஞ்சு கண்ணை மூடின பிறகுதான் பயந்து திரும்ப உள்ளுக்கை ஓடினனான்."

"ஆஸ்பத்திரி எண்டு... நீயும் எல்லாருக்கும் அதைத்தானே சொல்லிக்கொண்டு..."

"அந்தக் கதையைச் சொல்லேக்கை உங்கடை முகம் கொஞ்சம் ஆறும். அதாலை நானும் சொன்னனான்."

நான் இருவருக்கும் நடுவில். எழும்பிப் போகலாமா, போனால் பிழையா, தெரியவில்லை. இருந்தேன்.

"நான் திரும்பி வந்து வாயிலை தண்ணி விட்டனான்," என்றார் நந்தன் அண்ணை. எங்களுக்கல்ல, மேசைக்குச் சொல்வதுபோல. "கடைவாயாலை வழிஞ்சு போச்சு. ஒரு மிடறுகூட உள்ளை போகேல்லை. வீட்டிலை மூண்டு சனம் இருந்தும் ஒரு வாய் தண்ணி இல்லாமல் அனுப்பிப்போட்டம், பிள்ளை."

"அம்மா என்னட்டைக் கேட்டவ, அண்ணா."

"என்னத்தை?"

"தண்ணி. 'பிள்ளை, விடாய்க்குது, கொஞ்சம் தண்ணி கொண்டுவா' எண்டவ. வாளிக்குள்ளை செம்பை விட்டு அள்ளிக்கொண்டுபோய்க் குடுத்தனான். பாதி என்ரை சட்டையிலை ஊத்துப்பட்டது."

நந்தன் அண்ணை கேட்காத காதை அல்ல, கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பினார்.

"குடிச்சவவோ?"

"ஓம், அண்ணா. மிச்சம் வைக்காமல் குடிச்சவ."