பஸ் ஸ்டாண்டுக் கதவும் என் வெளிநடப்பும்

அன்பு மகள் பூங்கொடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகம், அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல், மற்றபடி ஒரு குறையுமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்த அயர்லாந்துக் குளிரில் தடுமன் காய்ச்சல் அண்டாமல் இருக்க செண்பகவல்லித் தாயை தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதுக்கும்மா லெட்டர் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் உங்கப்பா பக்கத்திலேயே நின்று, அதைச் சொல்லாதே இதைச் சொல்லாதே என்று டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டுகிறார். மாப்பிள்ளையின் சிநேகிதன் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகிறான், அவனிடம் கடலைமிட்டாயும் பருப்புப்பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். மழை இந்த வருஷமும் போக்குக் காட்டிக்கொண்டு திரிகிறது. நாகலாபுரத்தில் உன் சித்தப்பா விதைத்த உளுந்து, முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கிறது.

நான் கவுன்சிலரான கூத்து உனக்குப் பாதிதான் தெரியும். நம்ம வார்டு பெண்கள் வார்டு என்று அறிவிப்பு வந்த அன்றைக்கு உங்கப்பா மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும், துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் யாரோ யோசனை சொல்லி என் பெயரை எழுதிக் கொடுத்தார். போஸ்டரில் அவர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார், நான் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தேன். ஜெயித்ததும் மாலை அவர் கழுத்தில் விழுந்தது. இன்றைக்கும் ஊருக்குள் கவுன்சிலர் என்றால் தங்கப்பாண்டியன் அண்ணாச்சிதான், நான் கவுன்சிலர் வீட்டம்மா. கூட்டத்துக்கு என்கூடவே வந்து பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பேப்பரைப் படிக்க அவரிடம் நீட்டுவார்கள், கையெழுத்துப் போட என்னிடம் நீட்டுவார்கள்.

பேரூராட்சிக் கூட்டம் எப்படி நடக்கும் என்று நீ கேட்டாய் அல்லவா, சொல்கிறேன் கேள். எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் முதலில் விசாரிப்பது உளுந்தவடையா பருப்புவடையா என்பதைத்தான். அப்புறம் செயல் அலுவலர் ஒவ்வொரு பொருளாக, மன்றத்தின் பார்வைக்கு, மன்றத்தின் அனுமதிக்கு என்று மூச்சு விடாமல் வாசிப்பார். யாருக்கும் ஒன்றும் விளங்காது, ஆனால் எல்லாரும் தலையாட்டுவார்கள். குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒருதடவை வருகிறது என்று யாராவது வாயைத் திறந்தால், நடவடிக்கையில் இருக்கிறது என்பார் தலைவர் சண்முகராஜ். அந்த நடவடிக்கை எங்கே இருக்கிறது, எப்போது வீட்டுக்குத் திரும்பும் என்று கேட்கக்கூடாது. கடைசியாக எதிர்க்கட்சி சீனி எழுந்து மேஜையைத் தட்டி வெளிநடப்பு செய்வார். வெளிநடப்பு என்றால் பயந்துவிடாதே. ஆபீஸ் தாழ்வாரத்தில் வேப்பமரத்து நிழல் வரைக்கும் போய் நின்று கையை உயர்த்துவார்கள், நிருபர் தௌசிப் போட்டோ எடுப்பான், வடை ஆறுவதற்குள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுவார்கள். சீனிக்கு வடை எடுத்து வைக்கச் சொல்வதே நம்ம தலைவர்தான். எதிரிக்கு அவ்வளவு மரியாதை.

இனிமேல்தான் விஷயம். நம்ம பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்குக் கழிப்பிடம் கட்டினார்கள். அதற்கு முன்னால் பெண்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த முள்ளுக்காட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள், நீயும் போயிருப்பாய், எனக்குத் தெரியும். கழிப்பிடம் கட்ட இடம் வேண்டும் என்று அந்த முள்ளுக்காட்டை ஜேசிபி வைத்து வழித்தெடுத்துவிட்டார்கள். சித்திரையில் கட்டடம் முடிந்தது. முடிந்த அன்றைக்கே பெரிய பூட்டாகப் பூட்டினார்கள். எதற்கென்றால், மேலிடத்து முக்கியஸ்தர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம், அவருக்குத் தேதி கிடைக்கவில்லையாம். ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசியும் வந்துவிட்டது. கரிசல் மண் கிடந்த இடத்தில் சும்மா கிடக்குமா, பொங்கி வெடித்து வாசல்படி ரெண்டாகப் பிளந்துவிட்டது. அதற்கு ஒரு பூச்சு, மறுபடி ஒரு வெள்ளை. திறக்காத கக்கூஸுக்கு இரண்டாவது தடவை வெள்ளையடித்த ஊர் நம்ம ஊராகத்தான் இருக்கும். முள்ளுக்காடும் போச்சு, கதவும் பூட்டு.

பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சும் அவித்த கடலையும் விற்கிற பத்திரகாளியை உனக்கு ஞாபகம் இருக்கும், காலேஜ் பஸ் ஜன்னலில் கூடையைத் தூக்கிக் காட்டுவாளே, வெங்கலக் குரல்காரி. அவள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் இருட்டித் திரும்புகிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். கூடை நிறைய வெள்ளரிப்பிஞ்சு இருக்கும், ஒன்றைக் கடிக்கமாட்டாள். போன மாசம் நல்ல உச்சி வெயிலில் கூடையோடு சரிந்துவிட்டாள். நான்தான் ஆட்டோவில் போட்டுக் கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நீர்ப்பாதையில் கிருமி ஏறி கிட்னி வரைக்கும் போய்விட்டதாம், மறுபடி இப்படி வந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நீ நர்ஸ், மீதி உனக்கே தெரியும். தண்ணி நிறையக் குடிக்கணும்மா என்று அவர் சொன்னதற்கு இவள், குடிச்சா எங்கன போறது டாக்டரம்மா, நீங்களே ஒரு எடம் சொல்லுங்க என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் எனக்கு ஓட்டுப் போட்டவள், பூங்கொடி, கூட வந்த பொம்பளைகளையும் போட வைத்தவள். எனக்கு வந்த கோபமும் வெட்கமும் இன்னும் அடங்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, அந்தக் கழிப்பிடத்தைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு உயிர் போய்விடும் என்று சொன்னேன். தலைவர் என்னைத் தாண்டிப் பின்னால் உங்கப்பாவைப் பார்த்து, அண்ணாச்சி, அம்மா என்ன சொல்லுதாவ என்று கேட்டார். நான் என்ன சீன பாஷையா பேசினேன். உங்கப்பா எழுந்து, ஒண்ணுமில்ல தலைவரே, சும்மா ஒரு சந்தேகம் கேக்குதா என்றார். தேதி கேட்டிருக்கோம்மா, அவிய வராம தொறந்தா மேலிடத்துக்கு மனசு வருத்தப்படும்லா என்று தலைவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். மேலிடத்துக்கு மனசு கெட்டுவிடக்கூடாது, பத்திரகாளிக்குக் கிட்னி கெட்டுப்போகலாம்.

அந்த நேரம் பார்த்து சீனி தன் வழக்கமான நேரத்துக்கு எழுந்து மேஜையைத் தட்டினார், அன்றைக்குத் தெருவிளக்குக் கம்பத்தில் தலைவர் படம் மாட்டியதற்கு வெளிநடப்பு. நானும் எழுந்து, நானும் வெளிநடப்பு செய்யுதேன் என்றேன். ஆளுங்கட்சி ஆள் வெளிநடப்பு செய்து யாரும் பார்த்ததில்லை, தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. உங்கப்பா, ஏட்டி உக்காரு, எங்க போற என்று பல்லைக் கடித்தார். தாழ்வாரத்துக்கு வந்தால் சீனிக்கு அதைவிட மனத்தாங்கல், அக்கா இன்னைக்கு எங்க முறை, நீங்க அடுத்த கூட்டத்துல செஞ்சுக்கிடுங்க என்று கெஞ்சுகிறார். வேப்பமரத்தோடு நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா. ஆனால் வெளிநடப்பு என்றால் வெளியே நடப்பதுதானே, நடந்தேன். தௌசிப் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். பஸ் ஸ்டாண்டில் இளநீர்க்கடை இசக்கிபாண்டியிடம் அரிவாளைக் கேட்டேன். அவன், நீங்க தள்ளுங்கக்கா நான் ஒடைக்கேன் என்றான். வேண்டாம்லே, நீ ஒடைச்சா கேசு, நான் ஒடைச்சா மக்கள் பணி என்று சொல்லி அரிவாளைத் திருப்பிப் பின்பக்கத்தால் ஓங்கித் தட்டினேன். கட்டடம் மாதிரியே பூட்டும் மட்டமான சாமான், வாயைப் பிளந்துவிட்டது. உள்ளே குழாயைத் திருகினால் தண்ணீர் ஜோராக வந்தது. புதியம்புத்தூரில் தையல் வேலைக்குப் போய்விட்டு வருகிற பிள்ளை ஒருத்தி, பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு ஓடிவந்து முதல் ஆளாக உள்ளே போனாள். டிரைவர் ஆரன் அடிக்காமல் காத்திருந்தார், நல்ல மனுஷன்.

பூட்டை உடைத்தது நான், தலைவர் போன் போட்டது உங்கப்பாவுக்கு. அண்ணாச்சி, வீட்டம்மாவ கொஞ்சம் சொல்லி வைங்க என்றாராம். மறுநாள் உங்கப்பா டைப் அடித்த ஒரு தாளோடு வந்தார். உடல்நலக் குறைவாலும் மனக்குழப்பத்தாலும் அப்படிச் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று நான் எழுதியதாக அவர்கள் எழுதியிருந்தார்கள். என் உடம்புக்கு என்ன கேடு. கையெழுத்துப் போடவில்லை என்றால் கட்சியைவிட்டு எடுத்துவிடுவார்களாம், நாளைக்கு வார்டு பொதுவாக மாறினால் இவருக்கு சீட்டும் கிடைக்காதாம். ஏட்டி, என் மானத்த வாங்காத என்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார், கடைத்தெருவில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தது எனக்குத் தெரியாது என்று நினைப்பு. நான் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கு அனுப்பியிருக்கிற பருப்புப்பொடியை அந்தத் தாளில்தான் மடித்திருக்கிறேன், நல்ல கனமான தாள். அப்புறம் சொன்னமாதிரியே என்னைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள், தேர்தலுக்குச் சுவரில் எழுதியிருந்த என் பெயரைச் சுண்ணாம்பு பூசி அழித்தார்கள். வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் அவர்களுக்குக் கோலம் போட்டு, ஆரத்தி எடுத்து, வீடுவீடாக நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன்.

செயல் அலுவலர் புதுப் பூட்டோடு ரெண்டு தடவை வந்து பார்த்தார். வரிசையில் நின்ற, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பொம்பளைகள், பூட்டுங்க சார், நாங்க ஒங்க ஆபீஸுக்கு வாரோம் என்று சொல்லவும் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதோடு பார் அதிசயத்தை, சித்திரையிலிருந்து கிடைக்காத தேதி ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. திறந்து கிடக்கிற கதவைத் திறந்துவைக்க முக்கியஸ்தர் வருகிறார் என்று ஊரெல்லாம் பிளக்ஸ். கக்கூஸ் முன்னால் குத்துவிளக்கு ஏற்றலாமா கூடாதா என்று தலைவரும் சீனியும் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடினார்கள், கடைசியில் டீக்கடை வாசலில் ஏற்றுவது என்று ஒற்றுமையாக முடிவெடுத்தார்கள்.

எனக்கு அழைப்பு இல்லை, நான் வரிசையில் பொம்பளைகளோடு நின்றேன். உங்கப்பா வெள்ளைச் சட்டை போட்டு மேடைப் பக்கம் நின்றார். முக்கியஸ்தர் வந்து இறங்கினார், மாலை போட்டார்கள், கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் இழுத்துக் கட்டினார்கள், தட்டில் கத்தரிக்கோல் வந்தது. அவர் கத்தரியை எடுத்த நேரம் பின்னால் யாரோ, ஐயா உள்ள தாப்பா போட்டிருக்கு என்றார்கள். தலைவர் ஓடிப்போய் மெதுவாகக் கதவைத் தட்டினார். ஆள் இருக்கு, என்று உள்ளேயிருந்து அந்த வெங்கலக் குரல் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அன்றைக்குத்தான் முதல் நாளாகக் கூடை தூக்கியிருக்கிறாள், அந்தக் கூட்டத்தில் அவள் எப்போது உள்ளே போனாள் என்று நானே கவனிக்கவில்லை. மறுபடி தட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. முக்கியஸ்தர், தலைவர், செயல் அலுவலர், சீனி எல்லாரும் கரிசக்காட்டு வெயிலில் வரிசையாக நின்றார்கள். யாரு இத முன்னாடியே தொறந்துவிட்டது என்று முக்கியஸ்தர் சிடுசிடுத்தார். தலைவர் உங்கப்பாவைக் கைகாட்டி, இந்த வார்டு கவுன்சிலர் இவியதான் என்றார். உங்கப்பா வேர்த்துப்போய், ஐயா, கவுன்சிலர் நான் இல்ல, அங்கன நிக்கா பாருங்க, அவதான் என்றார். பயத்தில் சொன்னது என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஆனாலும் மனசு நிறைந்து போச்சு.

உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது, பத்திரகாளி தள்ளிய தள்ளில் ரிப்பன் பட்டென்று அறுந்து விழுந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிதானமாக வெளியே வந்தாள். கத்தரிக்கோலும் கையுமாக நின்ற முக்கியஸ்தரைப் பார்த்தாள், அவருக்கும் அவசரம்போல என்று நினைத்துவிட்டாள் பாவம். வழியை விட்டு ஒதுங்கி நின்று, போங்கய்யா, இப்ப காலியாத்தான் இருக்கு என்றாள்.

சரி, விளக்கு வைக்க நேரமாகிவிட்டது. பேத்தியை இந்த அம்மாச்சி கேட்டதாகச் சொல், தமிழில் பேசப் பழக்கு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பொங்கலுக்கு லீவு கேட்டுப் பார், அங்கேயும் தேதி கிடைக்கவில்லை என்று சொல்லிவிடாதே. எல்லாரும் நோய்நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு
உன் அம்மா
த. பார்வதியம்மாள்