தெரிஞ்சவங்க

வோலோஸ்,
நவம்பர் 9

மிர்டோவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தைக் கேட்க இன்னும் மனம் வரவில்லை. ‘அன்புள்ள’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். மேலே கிறுக்கலாக இருப்பது அதுதான்.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நீ கணக்கியல் படிப்பை மூன்றாம் ஆண்டில் பாதியில் விட்டு, ஏதென்ஸில் சமையல் பள்ளியில் சேர்ந்ததை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்வார். ஓர் ஆகஸ்டு மாத வெயிலிலாவது அடுப்படியில் நின்றிருந்தால் அல்லவா தெரியும்? சாராயமும் மீனும் விற்கும் இந்தத் துறைமுகக் கடையில் நான் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். காலில் நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைத்துக்கிடக்கிறது. என் மகள் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். என் பேராசை அவ்வளவுதான்.

அந்தக் கோபம் ஆறியிருக்கும். போன சனிக்கிழமை நீ செய்தது ஆறாது.

சமையல் பள்ளித் தோழர்கள் நான்கு பேரோடு நான் வேலை பார்க்கும் கடைக்கே வந்தாய். நீ வந்திருப்பதாகப் பரிமாறுகிறவன் சொன்னதும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பேய்க்கணவாய்த் தட்டை நானே எடுத்து வந்தேன். உங்களில் உயரமானவன், “இவங்கள உனக்குத் தெரியுமா?” என்று கேட்டான். நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்:

“தெரிஞ்சவங்க. சின்ன வயசுலேருந்து பழக்கம்.”

தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். கணவாய் குழைந்துவிட்டது என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. இங்கெல்லாம் நேரம், அளவு எதுவும் கிடையாது, கைக்கு வந்ததுதான் என்று சொல்லி நீ சிரித்ததும் விழுந்தது. அது குழையவில்லை, மிர்டோ. பல் போன கிழட்டு மாலுமிகள் சாப்பிடுகிற கடை இது. அவர்களுக்காக அப்படி வேகவைக்கிறேன். பல் போனவர்களைப் பற்றி உங்கள் பள்ளியில் ஏதாவது பாடம் உண்டா என்று கேட்டுப் பார்.

உள்ளே லெஃப்டெரிஸ் நின்றிருந்தான். உன்னைவிட நாலு வயதுதான் பெரியவன். கையில் ஒரு சான்றிதழோடு கோடையில் வந்து, எனக்கு மேலே தலைமைச் சமையல்காரனாக உட்கார்ந்து, என்னை வெங்காயம் உரிக்க வைத்திருக்கிறானே, அவன்தான். நாளைக்கு நீயும் ஏதோ ஓர் ஊரில் என்னைப் போல ஒருத்தியை வெங்காயம் உரிக்க வைப்பாய்.

“அந்தப் பொண்ணு உங்க ஜாடையா இருக்கே அக்கா, உங்க மகளா?” என்றான்.

“இல்லப்பா. யாரோ சாப்பிட வந்தவங்க” என்றேன்.

சொல்வதற்கு அது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சமையல் படிப்பை விடச் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிறவளா நீ? கையைச் சுட்டுக்கொண்டால் வெண்ணெய் தடவாதே, எரிச்சல் அடங்கும்வரை குழாய்த் தண்ணீரில் காட்டு. வழுக்காத செருப்பாகப் பார்த்து வாங்கு. எவனாவது பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தால், பிடித்திருக்கும் கத்தியைக் கீழே வைக்காமல் திரும்பு. பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. இதை வேறு யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

இனிமேல் இந்தக் கடை மேசையில் வந்து உட்காராதே. உட்கார்ந்தால் நான் பரிமாற மாட்டேன். வருவதென்றால் படகுத்துறைப் பக்கமாகப் பின்வாசல் வழியே வா. திங்கட்கிழமை லெஃப்டெரிஸுக்கு விடுமுறை. அன்று அடுப்பு முழுக்க என்னுடையது. பின்வாசலை நான் பூட்டுவதில்லை.

மாதா உன் பத்து விரலையும் காக்கட்டும்.

ஸ்தமாதியா